200 கி.மீ. சைக்கிள் பயணம்.. ஆனா ரேஸ் இல்ல! ‘பிரெவே’ ரைடு என்றால் என்ன?

கிராமத்துச் சாலைகள் வழியாக நீண்ட தூரம் செல்லும் ‘பிரெவே’ ரைடில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தாலே வெற்றிதான்.

எவ்வளவு நேரம்?

▪ 200 கி.மீ. - 13½ மணி நேரம்
▪ 300 கி.மீ. - 20 மணி நேரம்
▪ 400 கி.மீ. - 27 மணி நேரம்
▪ 600 கி.மீ. - 40 மணி நேரம்

ஒரே சீசனில் நான்கையும் முடித்தால் ‘சூப்பர் ரேண்டனர்’. 4 ஆண்டுக்கு ஒருமுறை பிரான்ஸில் நடக்கும் 1,200 கி.மீ. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ரைடுக்கு இதுதான் தகுதி.

ரூல்ஸ் என்ன?

வழியிலுள்ள கன்ட்ரோல் பாயின்ட்களை நேரத்துக்குள் தொடணும். தாமதமானால் ரைடு கணக்கில் வராமல் போகலாம். பின்னாடியே உதவி கார் வரக்கூடாது. பஞ்சரானால் நீங்கதான் பார்த்துக்கணும். இரவில் லைட், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் கட்டாயம்.

இதை மறக்காதீங்க

நீண்ட ரைடில் பெரிய ஆபத்து தூக்கம். கண் சொருகினால் உடனே ஓரங்கட்டித் தூங்குங்க. விட்ட மெடலை அடுத்த ரைடில் வாங்கிக்கலாம்.