மணிக்கு 6.85 டாலர் சம்பளம்... மாணவர் கையில் கிடைத்த கம்ப்யூட்டர் மையம் உலகத்துக்குக் கொடுத்த பரிசு!

இந்தக் கட்டுரையை குரோமிலோ, சஃபாரியிலோ படித்துக்கொண்டிருப்பீர்கள். எழுத்துக்கு நடுவே படம் வருகிறது. விரலால் தொட்டால் அடுத்த பக்கம் திறக்கிறது. இன்று இதெல்லாம் சாதாரணம். ஆனால், சாமானிய மக்களிடம் இந்த வசதியைக் கொண்டு சேர்த்த முதல் பிரவுசர் ஒரு பெரிய கம்பெனியில் உருவாகவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில், மணிக்கு 6.85 டாலர் கூலிக்குப் பகுதி நேர வேலை பார்த்த மாணவரும், அங்கிருந்த ஊழியர் ஒருவரும் சேர்ந்து எழுதியது அது.

அந்த மையத்தின் பெயர் என்.சி.எஸ்.ஏ. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சோள வயல்களுக்கு நடுவே இருக்கிறது அர்பானா-ஷாம்பெய்ன் என்ற இரட்டை நகரம். அங்குள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் மையம்தான் இது. விஞ்ஞானிகளின் கணக்குகளைப் போட்டுக் கொடுக்கத் தொடங்கப்பட்ட இடம், இன்டர்நெட்டின் தலையெழுத்தை மாற்றியது எப்படி?

சொந்த நாட்டு மெஷினுக்காக வெளிநாட்டுப் பயணம்!

கதை 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. லேரி ஸ்மார் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் பேராசிரியர். இரண்டு கருந்துளைகள் மோதினால் என்ன ஆகும் என்பது அவருடைய ஆராய்ச்சி. கருந்துளைகளைப் பிடித்து வந்து மோதவிட்டுப் பார்க்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்குக்குச் சாதாரண கம்ப்யூட்டர் போதாது.

அமெரிக்காவின் க்ரே நிறுவனம் அப்போது உலகின் அதிவேக கம்ப்யூட்டர்களைத் தயாரித்து வந்தது. ஆனால், அமெரிக்காவில் அவை பெரும்பாலும் அணு ஆயுத ஆய்வுக்கூடங்கள் போன்ற அரசு இடங்களில்தான் இருந்தன. உள்ளே போகவே பாதுகாப்பு அனுமதி வேண்டும். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் அந்தக் கதவு மூடித்தான் இருந்தது. ஸ்மார் என்ன செய்தார்? ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய், அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்த க்ரே கம்ப்யூட்டரில் தன் கணக்கைப் போட்டார். அமெரிக்காவில் செய்த மெஷினைப் பயன்படுத்த, அமெரிக்கர் ஒருவர் ஜெர்மனிக்குப் போக வேண்டியிருந்தது!

இது அவரை உறுத்தியது. 1983-ல் ஸ்மாரும் சக பேராசிரியர்களும் சேர்ந்து, யாரும் கேட்காமலேயே ஒரு திட்டத்தை எழுதி, அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அனுப்பினார்கள். அட்டை கறுப்பு நிறம் என்பதால் 'பிளாக் புரொபோசல்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சாராம்சம் எளிமையானது. 'சூப்பர் கம்ப்யூட்டரைப் பல்கலைக்கழகத்தில் வையுங்கள். எந்தத் துறை ஆராய்ச்சியாளரும் பயன்படுத்தட்டும்' என்பதுதான்.

அரசு செவிசாய்த்தது. 1985-86-ல் ஐந்து மையங்கள் அறிவிக்கப்பட்டன. இல்லினாய் மையம் 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. தொலைதூரத்தில் இருப்பவர்களும் இந்த மையங்களைப் பயன்படுத்த வேண்டுமே? அதற்காக அதே ஆண்டு என்.எஸ்.எஃப்.நெட் என்ற இணைப்பு போடப்பட்டது. வேகம், நொடிக்கு 56 கிலோபிட். இன்று ஒரு வாட்ஸ்அப் வீடியோவுக்குக்கூடக் காணாது. ஆனால், பின்னாளில் இன்டர்நெட்டின் முதுகெலும்பாக வளர்ந்தது அந்த இணைப்புதான்.

கல்யாணச் சமையலும் சூப்பர் கம்ப்யூட்டரும்

'சூப்பர் கம்ப்யூட்டர்' என்றதும் ஒரே ஒரு ராட்சத மூளை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இருப்பது ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள். அதிவேக இணைப்பில் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டு வேலை செய்யும்.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். 1,000 பேருக்கு ஒருவரே காய் நறுக்கினால் முகூர்த்தமே முடிந்துவிடும். 50 பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால், சாம்பார் கொதிக்கும் நேரத்தை 50 பேர் சேர்ந்தாலும் குறைக்க முடியாது! கணக்கிலும் அப்படித்தான். பிரித்துக் கொடுக்கக்கூடிய பகுதி உண்டு, பிரிக்கவே முடியாத பகுதியும் உண்டு. எதை, எப்படிப் பிரிப்பது என்று தெரிந்து புரோகிராம் எழுதுவதுதான் வித்தை. அதைச் சொல்லிக் கொடுக்கும் நிபுணர்கள் இந்த மையங்களில் இருக்கிறார்கள். மெஷினுக்கு நிகரான சொத்து இவர்கள்தான்.

பந்தியும் உண்டு. ஆராய்ச்சி மாணவர் தன் லேப்டாப்பிலிருந்தே லாகின் செய்து வேலையை அனுப்புவார். 'எனக்கு இத்தனை கம்ப்யூட்டர், இத்தனை மணி நேரம் வேண்டும்' என்று குறிப்பிட வேண்டும். அது வரிசையில் நிற்கும். யாருக்கு எப்போது இடம் என்பதை ஒரு சாஃப்ட்வேர் முடிவு செய்யும். பெரிய குடும்பம் மொத்தமாக உட்கார இடம் காலியாகும் வரை காத்திருக்கும்போது, நடுவில் கிடக்கும் ஒற்றை இலையில் தனியாக வந்தவரைச் சாப்பிட வைத்து அனுப்புவோம் இல்லையா? அதே மாதிரி, பெரிய வேலைக்கு இடம் சேரும் வரை கிடைக்கும் இடைவெளியில் சின்ன வேலைகளை முடித்து அனுப்பிவிடும். மெஷின் சும்மா இருக்கவே கூடாது என்பதுதான் கொள்கை.

யாரும் கேட்காத பரிசு

விஞ்ஞானிகளுக்கான இடத்தில் பிரவுசர் எப்படி வந்தது? இணையத்தில் தகவல்களைக் கோத்துவைக்கும் 'வேர்ல்டு வைடு வெப்' முறையை, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். ஆனால், அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் விஞ்ஞானிகளும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களும்தான்.

இல்லினாய் மையத்தில் பகுதி நேரமாக வேலை பார்த்த மாணவர் மார்க் ஆண்ட்ரீசனும், ஊழியர் எரிக் பினாவும் எழுதிய 'மொசைக்' பிரவுசர் 1993-ல் வெளியானது. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் வந்தன. நிறுவுவது சுலபம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். அதே ஆண்டிலேயே விண்டோஸ், மேக் கம்ப்யூட்டர்களுக்கும் வந்துவிட்டது. வெப் என்பது வீட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

படிப்பை முடித்த ஆண்ட்ரீசன், 1994-ல் கலிஃபோர்னியாவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கினார். மைக்ரோசாஃப்டின் முதல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் மொசைக்கின் உரிமத்தை வைத்து உருவானதுதான். அதே மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வெப் சர்வர் மென்பொருளை அடித்தளமாக வைத்து, 1995-ல் 'அப்பாச்சி' பிறந்தது. இணையதளங்களை வாசகர்களுக்கு எடுத்துப் பரிமாறும் இந்த மென்பொருள் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது.

'பிரவுசர் செய்து கொடுங்கள்' என்று யாரும் அந்த மையத்துக்கு நிதி ஒதுக்கவில்லை. நல்ல கம்ப்யூட்டர், வேகமான இணைப்பு, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள். இந்த மூன்றும் இளைஞர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவ்வளவுதான்!

வைரஸ் முதல் சூறாவளி வரை

அசல் வேலையையும் மையம் விட்டுவிடவில்லை. 2003-ல் இங்குள்ளவர்கள் சுமார் 70 பிளேஸ்டேஷன்-2 கேம் கருவிகளை வாங்கி, ஒன்றோடு ஒன்று இணைத்து, சூப்பர் கம்ப்யூட்டராக்கிப் பார்த்தார்கள். குறைந்த செலவில் எவ்வளவு தூரம் போகலாம் என்கிற சோதனை அது.

2013-ல் 'ப்ளூ வாட்டர்ஸ்' முழுமையாகச் செயல்பாட்டுக்கு வந்தது. இதற்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவு. உச்ச வேகத்தில், நொடிக்கு சுமார் 13,000 லட்சம் கோடி கணக்குகள் போடும். அதே ஆண்டு, பேராசிரியர் கிளவுஸ் ஷூல்டன் குழு, ஹெச்.ஐ.வி வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் உறையின் அமைப்பை, சுமார் 6.4 கோடி அணுக்களோடு இதில் உருவாக்கிப் பார்த்தது. அந்த உறையைக் குறிவைத்து மருந்து தேடுபவர்களுக்கு இது ஒரு வரைபடம் போல.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லீ ஆர்ஃப், 2011-ல் ஓக்லஹோமாவைத் தாக்கிய டொர்னாடோ சூறாவளியை இதே மெஷினுக்குள் மறுபடி சுழலவிட்டார். 20,000 கோர்கள், மூன்று நாள்களுக்கு மேல் ஓடிய கணக்கு! ஆர்க்டிக் பகுதியின் மேடு பள்ளங்களைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து 2 மீட்டர் துல்லியத்தில் வரைந்த திட்டத்துக்கும் ப்ளூ வாட்டர்ஸ்தான் உழைத்தது. 2021-ன் இறுதியில் அதற்கு ஓய்வு கொடுக்கப்பட்டது.

ஆமாம், இந்த மெஷின்களின் ஆயுள் சுமார் பத்து ஆண்டுகள்கூட இல்லை. அதற்குள் புதியவை வந்துவிடும். கரன்ட் செலவும், சூடான சில்லுகளைக் குளிர்விக்கும் தண்ணீர்ச் செலவும் தாளாது. இரும்பு பழசாகும். அதில் வேலை கற்றுக்கொண்ட மாணவர்கள்தான் மிச்சம்.

திருச்சியில் ஒரு 'பொருள்'

மூடிய கதவு இந்தியாவுக்கும் பழக்கமானதுதான். 1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காக இந்தியா க்ரே கம்ப்யூட்டரைக் கேட்டபோது, அமெரிக்கா மறுத்தது. திறன் குறைந்த மாடலை, வானிலைக் கணிப்புக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. அந்த மறுப்புக்குப் பதிலாகத்தான் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டு, விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000' உருவானது.

இன்று தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் அந்தப் 'பரம்' குடும்பம் கல்வி நிலையங்களுக்கு வந்திருக்கிறது. பெங்களூரில் 'பரம் பிரவேகா' இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி-யில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட கம்ப்யூட்டரின் பெயர், 'பரம் பொருள்'. சேர்த்துப் படித்தால் பரம்பொருள்! நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறன் அதற்கு.

உங்கள் வீட்டில் இன்ஜினீயரிங் மட்டுமல்ல, இயற்பியல், வேதியியல், உயிரியல், வேளாண்மை படிக்கும் பிள்ளைகள் இருந்தாலும் இது அவர்களுக்கானதுதான். முதலில் கல்லூரியில் விசாரிக்கச் சொல்லுங்கள். சொந்தக் கம்ப்யூட்டர் மையம் இருக்கிறதா, இல்லையென்றால் பக்கத்துப் பெரிய நிறுவனத்தில் கணக்கு தொடங்க வழி உண்டா? பெரும்பாலும் ஆசிரியரோ ஆய்வு வழிகாட்டியோ விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்குள் லினக்ஸும் பைத்தானும் பழகிக்கொள்ளலாம். இரண்டுமே இலவசம், சாதாரண லேப்டாப் போதும்.

இல்லினாய் கதை நமக்குச் சொல்வது ஒன்றுதான். எத்தனை கோடிக்கு மெஷின் வாங்கினோம் என்பது முதல் நாள் செய்தி. அதன் முன்னால் யாரையெல்லாம் உட்கார அனுமதித்தோம் என்பதுதான் முப்பது ஆண்டுகள் கழித்தும் பேசப்படும் செய்தி!