மறுகூட்டல் போடும் முன் விடைத்தாளைப் பாருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் எந்தப் பள்ளி அலுவலகத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "கணக்குல தொண்ணூறுக்கு மேல வரும்னு சொன்னான் சார். எழுபத்தெட்டுதான் வந்திருக்கு. ரீடோட்டல் போட்டுடலாமா?" போடுங்கள் என்று எழுத்தரும் சொல்லிவிடுவார். கட்டணமும் குறைவு. சில வாரம் கழித்து மாற்றம் இல்லை என்று தெரியவரும். அதற்குப் பிறகுதான், "அவன் என்ன எழுதியிருக்கான்னு பார்க்க முடியுமா?" என்று கேட்பார்கள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போது கேட்டால் கெடு முடிந்துபோயிருக்கும்.

மறுகூட்டல் என்றால் கூட்டல்தான். திருத்தியவர் போட்ட மதிப்பெண்களை மறுபடி கூட்டுவார்கள். உள்ளே போட்டது முகப்புத் தாளில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சரியான விடைக்குச் சுழியம் விழுந்திருந்தால் அந்தச் சுழியத்தையும் சேர்த்தே கூட்டுவார்கள். விடையை இன்னோர் ஆசிரியர் படித்துப் பார்த்து மதிப்பிடுவது மறுமதிப்பீடு. அதற்கு விண்ணப்பம் வேறு, கட்டணம் வேறு. கணக்கிலும் இயற்பியலிலும் மதிப்பெண் காணாமல் போவது கூட்டலில் மட்டும் அல்ல, படிகளுக்கு நடுவிலும்தான்.

கணக்கில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்த 90ல் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20தான். மீதி 70ம் இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள். திருத்தும் முகாமில் ஆசிரியர்களுக்குத் தரும் விடைக்குறிப்பில் இவற்றுக்கான மதிப்பெண் படிப்படியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். கடைசி வரி தவறிப்போனால் கடைசி வரிக்கு உரியதுதான் போக வேண்டும், மேலே எழுதிய எல்லாமும் அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். கணக்குப் பாடத்துக்குள்ளேயே இயக்கவியல் கொஞ்சம் இருக்கிறது. வெக்டர் பாடத்தில் விசை செய்யும் வேலை, திருப்புத்திறன் என்று வரும். (1, 2, −2) என்ற கூறுகளை உடைய விசை (2, 1, 3) என்ற புள்ளியில் செயல்படுகிறது; (1, 1, 1) என்ற புள்ளியைப் பொறுத்துத் திருப்புத்திறனின் எண்ணளவும் திசைக்கொசைன்களும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திருப்புத்திறன் கேட்ட புள்ளியிலிருந்து விசை செயல்படும் புள்ளிக்கு வெக்டர் எடுத்தால் (1, 0, 2). விசையோடு குறுக்குப் பெருக்கல் செய்தால் (−4, 4, 2). எண்ணளவு 6. திசைக்கொசைன்கள் −2/3, 2/3, 1/3.

பதற்றத்தில் மாணவி வெக்டரைத் தலைகீழாக எடுத்துவிட்டாள். அவளுக்கு (4, −4, −2) வரும். குறுக்குப் பெருக்கல் என்று தெரிந்திருக்கிறது, அணிக்கோவையைச் சரியாக விரித்திருக்கிறாள், எண்ணளவு 6 என்பதும் சரி. குறிகள் மட்டும் மாறிவிட்டன. பொறுமையாகத் திருத்துபவர் ஓர் இடத்தில் குறைத்துவிட்டு மற்றதைக் கொடுப்பார். கட்டை முடித்துத் தர வேண்டிய அவசரத்தில் இருப்பவர் கடைசி வரியை மட்டும் விடைக்குறிப்போடு ஒப்பிட்டுவிட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடக்கூடும். அந்தக் கோட்டை எத்தனை முறை மறுகூட்டல் போட்டாலும் அழிக்க முடியாது.

இயற்பியலில் மாணவருக்குச் சாதகமான ஒரு குறிப்பு திருத்துவோருக்குத் தரும் அறிவுரையிலேயே உண்டு: கணக்கீட்டு வினாவில் சூத்திரம் எழுதாமல் விட்டிருந்தாலும், அதன் பின் வரும் சரியான படிகளுக்கு மதிப்பெண் தர வேண்டும். இது பெற்றோருக்குத் தெரியாது. பல மாணவருக்கும் தெரியாது. தெரியாததால் "சூத்திரம் விட்டுட்டேன், அதான் போடல" என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள்.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். ஒரு மதிப்பெண் வினாவில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டில் ஒன்று தவறானாலும் சுழியம்தான். வரைபடத்தில் இரண்டு அச்சுகளிலும் எந்த அளவு என்று குறிக்க வேண்டும். அலகு இல்லாத விடைக்கு முழு மதிப்பெண் எதிர்பார்க்காதீர்கள். கணக்கில் 30, 40 எண் வினாக்கள் கட்டாய வினாக்கள். அவற்றை விட்டுவிட்டு வேறு ஏழு எழுதிவிட்டு வந்து, "ஏழும் எழுதினேனே" என்று அழுவதில் பயன் இல்லை. இதைவிட மோசமான ஒன்று உண்டு. தேர்வு சரியாக எழுதவில்லை என்ற ஆத்திரத்தில், எழுதிய விடைகள் அனைத்தையும் தானே கோடு போட்டு அடித்துவிட்டு வருவது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் இதை ஒழுங்கீனச் செயல் என்று அறிவித்திருக்கிறது. தேர்வு முடிவை நிறுத்திவைப்பதோடு அடுத்த இரண்டு பருவங்களுக்குத் தேர்வெழுதவும் தடை. ஒரு விடையை அடிப்பது வேறு, தாளையே அடிப்பது வேறு. வீட்டில் இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முடிவு வெளியானதும் இயக்ககம் ஓர் அறிவிப்பு வெளியிடும். விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். பள்ளி மாணவர்கள் படித்த பள்ளியிலும், தனித்தேர்வர்கள் தேர்வெழுதிய மையத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். பல பள்ளிகளில் அந்த அறிவிப்பு தலைமையாசிரியர் மேசையைத் தாண்டி வெளியே வருவதில்லை. அதே வாரத்தில் புதுச் சேர்க்கை நடக்கிறதாம், யாருக்கும் நேரம் இல்லையாம். காத்திருக்காதீர்கள். நீங்களே இயக்ககத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள்.

முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும். நகல், மறுகூட்டல் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. நகல் வாங்கியவர் அதன் பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். நகல் வாங்காதவர் மறுமதிப்பீடு கேட்கவே முடியாது. கடந்த ஆண்டுகளில் நகலுக்கு ஒரு பாடத்துக்கு 275 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 505, மறுகூட்டலுக்கு 205 (உயிரியலுக்கு 305) என்று வாங்கினார்கள். பணம் கட்டும் முன் அந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பித்ததும் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதில் உள்ள விண்ணப்ப எண் இல்லாமல் நகலைப் பதிவிறக்க முடியாது. சீட்டைத் தொலைத்துவிட்டுப் பள்ளிக்கும் கல்வி அலுவலகத்துக்கும் அலைபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். கையில் வாங்கியவுடன் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் பாட ஆசிரியரிடம் போங்கள். டியூஷன் சென்டர் வாசலில் நிற்பவரிடம் அல்ல. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: மதிப்பெண்ணே போடாமல் விட்ட விடை உண்டா, உள்ளே போட்டது முன்பக்கம் ஏறியிருக்கிறதா, கூட்டல் சரியா, படிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் அடித்திருக்கிறதா. பின்பக்கத்தில், கூடுதல் தாளில் எழுதியதையும் புரட்டிப் பாருங்கள். கூட்டலில் மட்டும் பிழை என்றால் மறுகூட்டல் போதும். படியில் பிழை என்றால் மறுமதிப்பீடு. அந்தப் படிவத்தை இணையதளத்தில் பதிவிறக்கி, நிரப்பி, இரண்டு நகல் எடுத்து, மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கட்டணத்தோடு கொடுக்க வேண்டியிருக்கும். கெடு இங்கேயும் குறுகியதே. வெள்ளிக்கிழமை நகல் வந்தால் திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும். ஆகவே ஆசிரியர் "இந்த வினாவில் இந்தப் படி" என்று விரல் வைத்துக் காட்டிய பிறகு போடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏறியது என்பதற்காகப் போடாதீர்கள். பணம் கொடுத்தால் ஏற்றித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் நம்பாதீர்கள். திருத்தும்போது பெயர் உள்ள முகப்புப் பகுதி தாளோடு இருப்பதில்லை. அது யார் தாள் என்று திருத்துபவருக்கே தெரியாது.

கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தன் விடைத்தாளைப் பார்ப்பது தகவல் அறியும் உரிமைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2011ல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. சென்னை கல்லூரிச் சாலையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பாடம், பதிவெண், தேர்வு மாதம், ஆண்டு குறிப்பிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். ஆனால் தாள்களை என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். அழித்துவிட்ட தாளைக் கேட்டுப் பயன் இல்லை. அந்தத் தீர்ப்பு பார்க்கும் உரிமையைத் தந்ததே தவிர மறுமதிப்பீடு கேட்கும் உரிமையைத் தரவில்லை. விதியில் இடம் இல்லாத இடத்தில் மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984லேயே உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன்: அறிவிப்பு வந்த வாரத்திலேயே நகல்.

தேர்ச்சி பெறாதவர்கள் மறுமதிப்பீட்டு முடிவுக்காகத் துணைத் தேர்வு விண்ணப்பத்தை விட்டுவிட வேண்டாம்; இரண்டையும் போட்டுவையுங்கள். பொறியியல் சேர்க்கைக்கு நிற்பவர்களும் கவனிக்க வேண்டும். தரவரிசைக்கான 200ல் கணக்கு மதிப்பெண் முழுதாகச் சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகச் சேரும். எனவே பணம் ஒரு பாடத்துக்குத்தான் இருக்கிறது, கணக்கிலும் மற்றொன்றிலும் ஒரே அளவு சந்தேகம் என்றால் கணக்குக்குப் போடுங்கள். முடிவை இயக்ககம் இணையதளத்தில் பட்டியலாக வெளியிடும். மாற்றம் உள்ள பதிவெண்கள் மட்டுமே அதில் இருக்கும். உங்கள் எண் இருந்தால் திருத்திய மதிப்பெண் பட்டியலை அன்றே பதிவிறக்கி, பக்கத்தில் உள்ள பொறியியல் சேர்க்கை சேவை மையத்துக்கு எடுத்துப் போய், உங்கள் பதிவில் புது மதிப்பெண் ஏறியிருக்கிறதா என்று திரையில் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.