ராச்செஸ்டர் வெயிலும் திண்டுக்கல் வெயிலும்

சித்திரை பிறந்த மூன்று, நான்கு நாளில் ஒரு நண்பகல் வரும். மணி 12.18ஐ நெருங்கும்போது திண்டுக்கல்லில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு முறை இதே கதை. ஊர் வடக்கு அட்சரேகை 10.36 பாகையில் இருப்பதுதான் காரணம். வானியல் ஆர்வலர்கள் இதை நிழலில்லா நாள் என்று கொண்டாடுவார்கள். ஃபிலிம் கேமரா வைத்திருப்பவருக்கு அதில் கொண்டாட ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் ஒருவரைத் தெருவில் நிறுத்திப் படம் எடுத்தால், புருவத்துக்குக் கீழே இரண்டு கரும்பள்ளமும் மூக்குக்குக் கீழே ஒரு மீசையும் விழும். மீசை பெண்களுக்கும் உண்டு.

அப்பாவோ தாத்தாவோ பீரோவில் வைத்துவிட்டுப் போன யாஷிகா, பென்டாக்ஸ், ஜெனித் கேமராக்களை இப்போது இருபது வயதுப் பிள்ளைகள் தூசி தட்டி எடுக்கிறார்கள். கைபேசி நம்மைக் கேட்காத மூன்று முடிவுகளை இந்தக் கேமராவில் நாம்தான் எடுக்க வேண்டும்: துளை எவ்வளவு பெரிது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கும், பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. ஃபிலிமின் வேகத்தைப் பற்றி, அதாவது பழைய ஆட்கள் ஏஎஸ்ஏ என்றும் இப்போதைய டப்பாக்கள் ஐஎஸ்ஓ என்றும் சொல்லும் எண்ணைப் பற்றி, பேச்சே இல்லை. ரோலை மாட்டியபோதே அது முடிவாகிவிட்டது. 36 படமும் தீரும்வரை அதுதான்.

லென்ஸ் வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். பார்த்தால் ஒழுங்கில்லாதவை போலத் தெரியும். லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் இது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ.; எஃப் 16 என்றால் 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். விட்டம் அந்த அளவு சுருங்கும்போது பரப்பு சரிபாதியாகிறது. ஷட்டர் டயலில் உள்ள 60, 125, 250, 500, அதாவது 1/60, 1/125 வினாடி என்ற நேரங்கள், வெளிப்படையாகவே பாதி பாதியாகப் போகின்றன. ஆகவே துளையை ஒரு படி திறந்து ஷட்டரை ஒரு படி வேகமாக்கினால் ஃபிலிமில் விழும் ஒளி மாறாது. அந்தப் படிக்குத்தான் ஸ்டாப் என்று பெயர்.

எத்தனை ஸ்டாப் என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். மாலையில் ஒரு ட்யூப்லைட் எரியும் அறையில் 100 லக்ஸ் இருந்தால் அதிகம். ஆயிரம் மடங்கு வித்தியாசம், அதாவது பத்து ஸ்டாப். ஆனாலும் வாசல் தாண்டி உள்ளே வந்த சில நிமிடத்தில் நமக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. கண்ணின் கெட்டிக்காரத்தனமே இங்கே ஏமாற்று வேலையாகிவிடுகிறது. அதனால் வெளிச்சத்தைப் பார்க்காதே, நிழலைப் பார் என்பது பழைய முறை. கோடக் நிறுவனம் ஃபிலிம் டப்பாவோடு தந்த தாளிலும் இதுதான் இருந்தது. நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் எஃப் 16. நிழல் மங்கலாக இருந்தால் 11. நிழலே இல்லாத வெளிச்சமான மூட்டத்துக்கு 8. கனத்த மேகத்துக்கும் கட்டட நிழலுக்கும் 5.6. ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணை ஒட்டியது: 100 ஃபிலிமுக்கு 1/125, 400 ஃபிலிமுக்கு 1/500. இதற்கு ஒளி அளக்கும் மீட்டரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

அருமையான விதி. ஆனால் கோடக்கின் தலைமையகம் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருக்கிறது, 43 பாகை வடக்கில். அங்கே மார்ச்சிலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் 47 பாகை உயரத்தில் இருக்கும். ஜூன் மாத உச்சத்தில்கூட 70 பாகையை விட்டு அதிகம் ஏறாது. அந்த ஊரில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் சாய்ந்து வந்து முகத்தில் விழுகிறது. திண்டுக்கல்லில் வெயில் தலையில் விழுகிறது.

ஒரு பரப்பின் மீது ஒளி எவ்வளவு விழும் என்பது அது எந்தக் கோணத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் 47 பாகையில் இருக்கும்போது அதைப் பார்த்து நிற்கும் முகத்துக்கு முழு வெயிலில் 68 சதவீதம் கிடைக்கும். இழப்பு அரை ஸ்டாப்தான். நிழலில்லா நண்பகலில் தரைக்கு முழு வெயில், செங்குத்தான சுவருக்கும் முகத்துக்கும் நேரடி வெயில் சுழியம். முகத்தில் தெரிவதெல்லாம் வானத்தின் ஒளியும் தரை திருப்பி அனுப்பும் ஒளியும் மட்டுமே. நிழலின் ஓரம் என்னவோ கத்திபோலத்தான் இருக்கும், தாள் எஃப் 16 என்றுதான் சொல்லும். அதை நம்பி எடுத்தால் முகம் இரண்டு ஸ்டாப்புக்கும் மேல் இருண்டுவிடும். சரி என்று துளையை எஃப் 8க்குத் திறந்தால் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டு வெளிறிப்போகும். அந்த நேரத்துக்கு நல்ல விடை இல்லை என்பதே என் கட்சி. அதே சித்திரையில் காலை எட்டரைக்கு சூரியன் 34 பாகை அளவில்தான் இருக்கும், அப்போது எடுக்கலாம். இல்லையென்றால் ஆளைத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு வரலாம். ஓடு மேலிருந்து வரும் ஒளியைத் தடுத்துவிடும், தெருவின் ஒளி பக்கவாட்டில் வரும். 100 ஃபிலிமுக்கு 1/125, எஃப் 4 அல்லது 5.6. எதிர்வீடு சுண்ணாம்பு அடித்த வீடாக இருந்தால் இன்னும் நல்லது.

இதே மாவட்டத்தில், மேற்கே மலைமேல், சூரியனையே படம் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் சூரியனின் படங்கள் தகட்டிலும் ஃபிலிமிலும் பதிவாயின. ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அங்கேதான். நமக்குப் பற்றாத ஒளி அவர்களுக்கு மிதமிஞ்சிய ஒளி.

கேமராவுக்குள்ளே இருக்கும் மீட்டரை நம்பலாமா? நம்பலாம், ஆனால் அதற்கு ஒன்றுதான் தெரியும். தன் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும் கருவி அது. பூ மார்க்கெட்டில் மல்லிகை கொட்டிய கூடையைக் காட்டினால், இவ்வளவு ஒளியா என்று துளையை மூடச் சொல்லும். படத்தில் மல்லிகை சாம்பல் நிறமாக வரும். எருமையைக் காட்டினால் திறக்கச் சொல்லும்; எருமையும் சாம்பலாகிவிடும். ஆகவே மல்லிகைக்கு மீட்டர் சொன்னதைவிட ஒன்றரை, இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும். எருமைக்கு ஒன்று, ஒன்றரை மூட வேண்டும். எது பூ, எது எருமை என்று மீட்டருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இன்னொரு சுலப வழி, படம் எடுக்கப்போகும் அதே வெளிச்சத்தில் உள்ளங்கையைப் பிடித்து அதை மட்டும் அளந்து, ஒரு ஸ்டாப் திறந்துகொள்வது. புறங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் மாறும் அளவுக்கு உள்ளங்கை மாறுவதில்லை.

தமிழ்நாட்டுப் புகைப்படக்காரரின் நிரந்தரத் தலைவலி வெள்ளை வேட்டி சட்டையில் இருக்கும் கறுத்த மனிதர். துணி தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, தோல் அதில் சிறு பங்கைத்தான் அனுப்புகிறது. இரண்டுக்கும் இடையே மூன்று ஸ்டாப் அளவு இடைவெளி இருக்கும். 1973 மே 20இல் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். இரட்டை இலைச் சின்னம் முதல்முறையாகக் களம் கண்டு, மாயத்தேவர் வென்ற தேர்தல். கோடை வெயில், மேடை முழுக்க வெள்ளைச் சட்டை. தானாக ஃபோகஸ் செய்யும் கேமரா கடைக்கு வந்ததே 1977இல், கோனிகா சி35 ஏஎஃப் என்ற பெயரில். அப்படியென்றால் அந்தத் தேர்தலின் எந்தப் படத்துக்கும் கேமரா தானாக ஃபோகஸ் செய்து தரவில்லை.

வெள்ளைச் சட்டையும் கறுத்த முகமும் சேரும் இந்த இக்கட்டில் கருப்பு-வெள்ளை நெகட்டிவ் கைகொடுக்கும். அதில் முகத்துக்கு ஒளி பற்றாவிட்டால் அங்கே வெள்ளியே படியாது. இல்லாததை இருட்டறையில் எவராலும் வரவழைக்க முடியாது. சட்டைக்கு ஒளி கூடிப்போனாலோ விவரம் நெகட்டிவில் இருக்கும். பிரிண்ட் போடும்போது அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி காட்டி மீட்கலாம். எனவே முகத்துக்கு அளந்து எடு, சட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்ண நெகட்டிவுக்கும் இது பொருந்தும். ஸ்லைடு ஃபிலிமுக்கு நேர் எதிர். அங்கே வெளிறியது போனது போனதுதான்.

இனி ஃபோகஸ். வளையத்தைத் திருகும்போது லென்ஸ் முன்னும் பின்னும் நகர்கிறது, அதுவும் மிகச் சொற்பம். 50 மி.மீ. லென்ஸில் கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்து 10 மீட்டருக்கு வர கால் மில்லிமீட்டர் போதும். 1 மீட்டருக்கு வர 2.6 மி.மீ. வேண்டும். வளையத்தில் 10 மீட்டருக்கும் முடிவிலிக்குறிக்கும் இடையே இடமே இல்லாமல், 1க்கும் 2க்கும் இடையே தாராளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கிட்டத்தில் எடுக்கும் முகத்துக்கு ஃபோகஸ் கண்ணிமையில் வேண்டும், காதில் விழுந்தால் படம் போச்சு.

பழைய எஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டர் நடுவில் ஒரு வட்டம் இரண்டாகப் பிளந்திருக்கும். எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு சிறு முப்பட்டகங்கள் அவை. ஃபோகஸ் தவறினால் மேல்பாதிப் பிம்பம் ஒரு பக்கமும் கீழ்ப்பாதி மறுபக்கமும் விலகும். சரியானால் கோடு கோட்டோடு சேரும். பிம்பம் இடவலமாக விலகுவதால் செங்குத்துக் கோடு இருந்தால்தான் இது பயன்படும். தென்னைமரம், விளக்குக் கம்பம், கோயில் தூண் எல்லாம் சரி. முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கட்டத் தொடங்கிய திண்டுக்கல் மலைக்கோட்டையில் இந்த வட்டம் தடுமாறும். மொட்டைப் பாறையில் கோடே இல்லை. பாறையில் வெட்டிய படிகளின் விளிம்போ கிடைமட்டம். கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து, படி விளிம்பைச் செங்குத்தாக்கி ஃபோகஸ் பிடித்து, பிறகு நிமிர்த்திக்கொள்ள வேண்டும். ஒளிபுகும் திறன் குறைந்த ஜூம் லென்ஸ் மாட்டியிருந்தால் வட்டத்தில் ஒரு பாதி கறுத்துவிடும். அது பழுது அல்ல, சுற்றியுள்ள சொரசொரப்பான திரையைப் பார்த்துப் பிடிக்கலாம்.

நகரும் ஆட்களுக்கு இந்தச் சடங்குக்கெல்லாம் நேரம் ஏது? தை மாதம் ஒட்டன்சத்திரம் சாலையில் பழனி பாதயாத்திரைக் கூட்டம் போகும்போது ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 16, தூரம் 5 மீட்டருக்குச் சற்று மேல்: இரண்டரை மீட்டரை ஒட்டிய தூரத்திலிருந்து அடிவானம்வரை எல்லாம் தெளிவாக விழும். லென்ஸ் மேல் உள்ள இரட்டைக் கோடுகள் சொல்வதும் இதைத்தான். ஷட்டருக்கும் கணக்கு உண்டு. நடப்பவர் வினாடிக்கு 1.4 மீட்டர் போகிறார் என்று வையுங்கள். அவர் 5 மீட்டர் தூரத்தில் குறுக்கே போனால், 1/60இல் அவர் பிம்பம் ஃபிலிமில் 0.23 மி.மீ. இழுபடும். 1/500இல் 0.03 மி.மீ.க்குள் நிற்கும். ஃபிலிமில் 0.03 மி.மீ. வரை இழுபட்டாலும் சாதாரண அளவு பிரிண்டில் கண்ணுக்குத் தெளிவுதான். 400 ஃபிலிமும் தை மாத வெயிலும் இருந்தால் எஃப் 16, 1/500 இரண்டும் தானாக அமைந்துவிடும்.

கல்யாண வீட்டு ஸ்டூடியோக்காரர்களின் கணக்கு வேறு. ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண். 28 என்றால் மூன்றரை மீட்டரில் நிற்கும் மணமக்களுக்கு எஃப் 8. தாலி கட்டும் நேரத்தில் இதை மனத்துக்குள் வகுத்தவர்களின் ஆல்பங்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன.

ஃபிலிம் ஒரு காலத்தில் நம் பக்கத்திலேயே தயாரானது. 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டி இந்துநகரில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசியும் வெக்கையும் குறைந்த இடம் தேடித்தான் மலையேறினார்கள். அந்த ஆலை இப்போது இல்லை. இன்றைக்குக் கிடைப்பது இறக்குமதி, விலையும் அதிகம். அதனால் வெயிலில் நிற்கும் காரில் ரோலை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் கருப்பு-வெள்ளை கழுவுபவர்கள் டெவலப்பரின் சூட்டையும் கவனிக்க வேண்டும். கால அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸுக்கு எழுதியவை. திண்டுக்கல் தொட்டித் தண்ணீர் கோடையில் 30ஐத் தொடும். ஐஸ் வாங்கி, டெவலப்பர் பாத்திரத்தைச் சுற்றி வைத்துக் குளிரவைத்தபின் தொடங்குங்கள்.

பேட்டரி செத்ததால் கேமராவும் செத்துவிட்டது என்று பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம். பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றில் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் ஸ்பிரிங்கில் ஓடுவது. ரோல் இல்லாமல் பின்கதவைத் திறந்து வைத்து, ஷட்டரை 1 வினாடியில் அழுத்திப் பாருங்கள். நடுவில் சிக்கினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒழுங்காக மூடினால் 100 ஃபிலிம் ஒன்று மாட்டி, காலை எட்டரைக்கு மலைக்கோட்டை அடிவாரத்துக்குப் போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் துளை, ஷட்டர், தூரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கழுவி வந்த நெகட்டிவை அந்த நோட்டோடு வைத்துப் பார்க்கும்வரை அடுத்த ரோல் வாங்காதீர்கள்.