பட்டா தொலைஞ்சா நிலமும் போயிடுமா?

ராத்திரி பதினொன்றரை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன். “மாப்ள, ஹார்ட் டிஸ்க் காலிடா!” லினக்ஸ் போடுறதுக்காக பென் டிரைவைத் துடைக்கப் போன நண்பன், எஃப்டிஸ்க்கில் ‘எஸ்டிசி’க்குப் பதிலா ‘எஸ்டிபி’னு அடிச்சிட்டான். அப்புறம் ஓ, டபிள்யூ. ரெண்டே எழுத்து. 500 ஜிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்த மினி புராஜெக்ட், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் கோவிந்தா!

மறுநாள் ஒரு கடையில், “ஃபார்மட் பண்ணித்தான் தர முடியும்”னு சொல்லியிருக்காங்க. நல்லவேளை, டிஸ்க்கைக் கொடுக்காம ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிட்டான்.

இங்கே கொஞ்சம் தியரி. பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது. பழைய ‘எம்பிஆர்’ முறையில் டிஸ்க்கோட முதல் செக்டார் 512 பைட். 446 பைட், கம்ப்யூட்டரை எழுப்புற பூட் புரோகிராமுக்கு. அடுத்த 64 பைட்தான் பார்ட்டிஷன் டேபிள். ஒரு வரிக்கு 16 பைட், மொத்தமே நாலு வரி. கடைசி 2 பைட் முத்திரை. எந்த பார்ட்டிஷன் எங்கே ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம், என்ன வகை... அதில் இருக்கிறது முக்கியமா இவ்வளவுதான். நம்மாளு அழிச்சது இந்த நாலு வரியைத்தான்! தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிஞ்சா வயல் காணாமப் போயிடுமா? வரப்பு அங்கேயேதானே கிடக்கும்.

அந்த வரப்பைத் தேடுற சர்வேயர்தான் டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் கிரெனியே 1998-ல் ஆரம்பிச்ச இலவச புரோகிராம். ‘என்டிஎஃப்எஸ்’ பார்ட்டிஷனோட முதல் செக்டாரில் அந்தப் பெயரும் அதன் நீளமும் எழுதியிருக்கும். கடைசியில் அதுக்கு ஒரு நகலும் உண்டு. இதையெல்லாம் துழாவித்தான் தொலைஞ்ச வரியை இது மறுபடி எழுதுது.

ஆனா முதல்ல அதைத் தொடலை. சித்தப்பாகிட்ட 1 டிபி டிஸ்க் கடன் வாங்கி, டிடிரெஸ்க்யூவால் மொத்தத்தையும் அப்படியே நகல் எடுத்தோம். பழைய யுஎஸ்பி போர்ட், நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அவன் சாப்பிடவே இல்லை. நான் சாப்பிட்டேன்.

பிறகு டெஸ்ட்டிஸ்க். ‘இன்டெல்’, ‘அனலைஸ்’, ‘குயிக் சர்ச்’. பச்சையில் ரெண்டு வரி வந்துச்சு. ‘பி’ தட்டினா ஃபைல் லிஸ்ட். கல்யாண ஃபோல்டர் உள்ளே இருந்துச்சு, பையன் முகத்துல அப்பத்தான் ரத்தம் ஓடுச்சு! உங்க ஃபைல்களைக் கண்ணால் பார்க்காம ‘ரைட்’ கொடுத்துடாதீங்க. வரலைன்னா ‘டீப்பர் சர்ச்’ இருக்கு, பொறுமை வேணும்.

புது லேப்டாப்பில் பெரும்பாலும் ‘ஜிபிடி’. அதுக்கு டிஸ்க்கோட கடைசியில் ஒரு நகல் எப்பவும் இருக்கும். ஜிடிஸ்க்கில் ‘ஆர்’, ‘பி’ போட்டுச் சரிபார்த்து, ‘டபிள்யூ’ கொடுத்தா முன்பக்கம் திரும்பி வந்துடும். டிஸ்க் ‘டக் டக்’னு சத்தம் போட்டா மட்டும் உடனே கழட்டிடுங்க, அது கமாண்டுக்கு அடங்குற வியாதி இல்லை. எஸ்எஸ்டி-யை ஃபார்மட் பண்ணிட்டாலும் கஷ்டம்தான். ‘ட்ரிம்’ உள்ளே இருக்கிறதையே துடைச்சிடும்.

இப்போ நண்பன், ‘எஸ்எஃப்டிஸ்க் -டி’ போட்டு டேபிளைச் சின்ன டெக்ஸ்ட் ஃபைலா எடுத்துத் தனக்கே மெயில் பண்ணி வெச்சிருக்கான். எனக்கு அரை கிலோ பால்கோவா. சித்தப்பா டிஸ்க்கைத்தான் இன்னும் திருப்பிக் கொடுக்கலை.