வெனிஸின் நீர்த்தெருக்களில் கயாக்

இத்தாலியின் வெனிஸ் நகரம் உப்பங்கழியின் நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் மேல் நிற்கிறது. பழைய நகருக்குள் காருக்கோ பைக்குக்கோ இடமில்லை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, குப்பை, காய்கறி எல்லாமே படகில்தான். குறுகிய கால்வாயில் சரக்குப் படகு ஒன்று சரக்கை இறக்க ஒதுங்கினால், பின்னால் வருபவை காத்துக் கிடக்கும்.

இந்த நெரிசலில் கயாக் எனும் சிறு துடுப்புப் படகை ஓட்டுவது லேசான வேலையல்ல. ஆனால் அதில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீருக்குச் சற்று மேலேதான் இருக்கும். அலை அரித்த செங்கல்லும் உப்புப் பூத்த சுவரும் பாசி வழுக்கும் வாசற்படியும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நடந்து பார்ப்பவருக்கு இந்த வெனிஸ் கிடைக்காது. ஓதம் ஏறினால் தாழ்வான பாலங்களின் கீழ் குனிந்துதான் போக வேண்டும். கால்வாய் திரும்பும் இடத்தில் கோண்டோலா ஓட்டுபவர் முன்கூட்டியே குரல் கொடுப்பார். அதைக் கேட்டதும் கயாக் சுவரோரம் ஒதுங்கிவிட வேண்டும்.

மோட்டார் படகுகள் கிளப்பும் அலை கட்டட அஸ்திவாரங்களுக்குப் பெரும் பகை. அதை எதிர்த்துப் பிறந்ததே ‘வோகலோங்கா’. 1975இல் தொடங்கிய இந்தத் துடுப்புப் பயணம் சுமார் 30 கிலோமீட்டர் நீளும். கயாக்குகளும் அதில் கலந்துகொள்கின்றன. மற்ற நாட்களில், 2018 முதல், நகரின் முக்கியக் கால்வாயான பெருங்கால்வாயில் கயாக்குக்குத் தடை. அங்குள்ள நெரிசலுக்கு அது நியாயமான முடிவே. வேறு சில கால்வாய்களில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. அகன்ற உப்பங்கழியிலோ காற்றையும் ஓதத்தையும் கணித்தே துடுப்பு போட வேண்டும்.