எருக்கில் குடியிருக்கும் மஞ்சள் அசுவினி

தென்காசி, குற்றாலம் பக்கம் தரிசு ஓரத்தில் நிற்கும் எருக்கின் கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால், மஞ்சள் பொடியை அப்பியதுபோல ஒரு கூட்டம் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர். பின்புறம் இரண்டு கறுப்புக் குழல்கள். ஏஃபிஸ் நெரியை என்ற அசுவினி இது. கோயில் நந்தவனத்து அரளியிலும் இதே பூச்சிதான். நெல்லிலோ தென்னையிலோ இது குடித்தனம் நடத்தாது. இதற்கு வேண்டியது எருக்கு, அரளிக் குடும்பத்தின் சாறு.

அந்தச் சாறு லேசானதல்ல. ஆடுகளும் பெரும்பாலும் ஒதுக்கும் எருக்கில், இதயத்துடிப்பையே குலைக்கும் நஞ்சு இருக்கிறது. அசுவினி ஊசி வாயைத் தண்டுக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சும்போது, நஞ்சையும் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பளிச்சென்ற மஞ்சள் நிறம், தின்ன வருபவருக்கு விடும் எச்சரிக்கை. இதைத் தின்ற சிலந்திகள் வலையைத் தாறுமாறாகப் பின்னியதை 1989-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இனப்பெருக்கம் இன்னும் வியப்பு. கூட்டத்தில் இருப்பவை எல்லாம் பெண்கள். ஆண் துணை இல்லாமலே, முட்டையும் இடாமல், நேராகக் குட்டி போடுகின்றன. பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறைக் கரு வளரத் தொடங்கியிருக்கும். நாலைந்து பூச்சிகள் சில வாரங்களில் தண்டையே மூடிவிடுவது இதனால்தான். இடம் நெருக்கடியானாலோ செடி முற்றினாலோ, சிறகு முளைத்த பெண்கள் பிறக்கும். சொந்த பலத்தில் அதிக தூரம் பறக்கத் தெரியாதவை. காற்றுதான் அவற்றுக்கு வண்டி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்றுக்கு இங்கே பஞ்சமா?

சாற்றில் சர்க்கரை அதிகம், புரதச் சத்து குறைவு. புரதத்துக்காகச் சாற்றை நிறைய உறிஞ்ச வேண்டியிருப்பதால், மிஞ்சும் சர்க்கரை பிசுபிசுவென்று வெளியேறும்; அதற்காகத்தான் எறும்புகள் சுற்றி நிற்கின்றன.

நஞ்சு இருந்தும் எதிரிகள் உண்டு. கூட்டத்தின் நடுவே பழுப்பேறி உப்பிப்போன சில உடல்கள் அசையாமல் இருக்கும். சின்னஞ்சிறு குளவி உள்ளே முட்டையிட்டு, அதன் புழு உள்ளிருந்தே தின்று தீர்த்த கூடுகள் அவை. முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. பொறிவண்டுகளும் இங்கே மேய்கின்றன. பக்கத்து உளுந்து வயலில் கறுப்பு அசுவினி பெருகும்போது அங்கே போய் வேலை செய்வதும் இதே வண்டு இனம்தான். வரப்போர எருக்கை வெட்டி எறிவதற்கு முன் இதை நினைக்க வேண்டும் என்பேன்.

வீட்டு அரளியில் மொய்த்தால் மருந்தடிக்காதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சினாலே உதிர்ந்துவிடும். கறுத்த, நீண்ட, முள்முள்ளான புழு ஒன்று நடுவில் ஊர்ந்தால் அதுவும் வேண்டாம். அது பொறிவண்டின் குஞ்சு.