பங்கரில் நின்றுபோகும் பழுப்பு நிலக்கரி

நெய்வேலியில் பக்கெட் வீல் எந்திரங்கள் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். 1962-இல் முதல் மின் அலகு ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த ஈரக் கரிதான் அங்கே எரிபொருள். அது நொறுக்கப்பட்டு, கன்வேயர் பெல்ட்டில் ஏறி, அனல்மின் நிலையத்தின் பங்கர் என்ற சேமிப்புத் தொட்டியில் விழுகிறது. பங்கரின் அடிப்பகுதி குறுகி ஒரு வாயில் முடியும். அந்த வாய் வழியே இறங்கும் கரி அரைபட்டு, கொதிகலனுக்குப் போகும்.

சில சமயம், அதுவும் மழைக்காலத்தில், இந்த ஓட்டம் நின்றுவிடும். மேலே நூற்றுக்கணக்கான டன் கரி இருக்கும். வாய் திறந்தேதான் இருக்கும். ஆனாலும் ஒரு துண்டுகூட விழாது.

மேலே இருக்கும் பாரம் கீழே தள்ளாதா? தண்ணீராக இருந்தால் தள்ளும். துகள் குவியல் அப்படியில்லை. துகள்கள் பக்கவாட்டில் சுவரை அழுத்துகின்றன. அந்த உராய்வில் சுவரே பாரத்தின் பெரும்பகுதியை ஏந்திக்கொள்கிறது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அடியில் அழுத்தம் கூடுவதில்லை. தானியக் கிடங்குகளில் இதை அளந்து 1895-இல் விளக்கியவர் ஜெர்மானியப் பொறியாளர் யான்சன்.

அடுத்த காரணம் வளைவு. வாய்க்கு மேலே சில கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வில்லாக நின்றுவிட்டால், மேலிருந்து வரும் பாரம் அவற்றை இன்னும் இறுக்கும். உலர்ந்த துகளுக்கு, வாயின் அகலம் துகளின் விட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்காவது இருந்தால்தான் இந்த அடைப்பு அரிதாகும்.

துகள்கள் இப்படி ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள ஒழுங்கான அடுக்கு தேவையில்லை. ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒழுங்காக, மிக நெருக்கமாக அடுக்கினால் இடத்தில் 74 சதவீதம் நிரம்பும். தாறுமாறாகக் கொட்டிக் குலுக்கினால் ஏறக்குறைய 64 சதவீதத்தில் இறுகிவிடும். படியில் அரிசியைக் கொட்டித் தட்டும்போது மட்டம் கொஞ்சம் இறங்கி, அப்புறம் எவ்வளவு தட்டினாலும் இறங்காமல் நிற்பதும் இதனால்தான். பல அளவுத் துகள்கள் கலந்திருந்தால், பெரியவற்றின் இடுக்குகளில் சிறியவை புகுந்து அடர்த்தி இன்னும் கூடும். ஒழுங்கான அடுக்கு அமைய வழியே இருக்காது. தூசி முதல் கட்டி வரை கலந்த நெய்வேலிக் கரி இந்த வகைதான். அது திண்மம்போல நிற்கும். ஆனால் அதற்குள் படிக ஒழுங்கு கிடையாது.

இப்படி இறுகிய குவியல் நகர வேண்டுமானால் முதலில் சற்று விரிய வேண்டும் என்று 1885-இல் பொறியாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் காட்டினார். குறுகிய வாயருகே விரிய இடமேது? மணல், நுரை, கண்ணாடி எல்லாவற்றிலும் இந்த இறுக்கம் ஒரே வகையானதாக இருக்கலாம் என்ற கருத்தை 1998-இல் இயற்பியலாளர்கள் ஆண்ட்ரியா லியூ, சிட்னி நேகல் இருவரும் முன்வைத்தனர். அதன்பின் ‘ஜாமிங்’ எனப்படும் இந்த இறுக்கத்தின் ஆய்வு இயற்பியலின் தனித் துறையாகவே வளர்ந்தது.

ஈரம் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். பொடித் துகள்களுக்கு இடையே படியும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கும். அப்போது ஐந்தாறு மடங்குக் கணக்கு செல்லாது. மிக அகலமான வாயின் குறுக்கேயும் பொடியே பாலம் கட்டிவிடும். அல்லது நடுவில் மட்டும் கரி இறங்கி, சுற்றிலும் உள்ளது சுவரோடு நின்றுவிடும். அப்படி நாள்கணக்கில் தேங்கும் பழுப்பு நிலக்கரி காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

தீர்வு வடிவமைப்பில் இருக்கிறது. யூட்டா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஜெனிக்கி ஒரு சிறு வளையத்தில் துகளை அழுத்தி, பக்கவாட்டில் தள்ளி, எவ்வளவு விசையில் வழுக்குகிறது என்று அளந்தார். அதிலிருந்து சுவரின் சரிவையும் வாயின் அகலத்தையும் கணக்கிடும் முறையை 1964-இல் வெளியிட்டார். செங்குத்தான சுவர், வழவழப்பான உட்பூச்சு, போதிய அகலமுள்ள வாய் மூன்றும் அமைந்தால் பெரும்பாலான அடைப்பு வராது. சுத்தியலால் அடிப்பது அவசரத்துக்கு உதவலாம். ஆனால் சுவர்த் தகட்டில் விழும் நெளிவுகளே அடுத்த அடைப்புக்குப் பிடிமானமாகும். வாயை மூடிவைத்து அதிரவைத்தால் கரி மேலும் இறுகும்.

கரி பங்கரானாலும் நெல் சேமிக்கும் சைலோவானாலும் ஒன்றை மறக்க வேண்டாம். அடைத்து நிற்கும் குவியலின் மேற்பரப்பு திடமாகத் தெரியும். அடியில் வெற்றிடம் இருக்கலாம், பாலம் எந்த நொடியிலும் இடியலாம். குத்திவிடுவதற்காக யாரும் அதன்மேல் இறங்கக் கூடாது. இறங்க யாரையும் அனுப்பவும் கூடாது.